பத்து நொடிகளைப் படிப்பது எப்படி: பாரிஸ் 2024 ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டியை முன்வைத்து

2024 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவு, பாரிஸ் நகருக்கு வடக்கே செயின்ட் டெனிஸில் உள்ள ஸ்டாட் து ஃபிரான்ஸ் அரங்கில் ஒலிம்பிக் ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்தபோது, இந்தியாவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்தது. எட்டுப் பேரும் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டார்கள். ஆனால் வென்றவர் யார் என்று உடனே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க வீரர் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சன்தான் வென்றிருப்பார் என்று நினைத்து அதை அவரிடமே சொன்னார். சற்று நேரம் கழித்துப் பலகையில் முதலாவதாக வந்தது லைல்ஸின் பெயர். தொலைக்காட்சி முன் விழித்திருந்த நானும் தாம்சன்தான் வென்றார் என்றே நம்பியிருந்தேன். என் கண் எங்கே ஏமாந்தது என்று தெரிந்துகொள்வதற்காக அந்தப் பதிவைப் பலமுறை ஓட்டிப் பார்த்ததில், 100 மீட்டர் ஓட்டத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பது புரிந்தது. அந்த முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். முன்னால் ஓடுபவரின் மீதே கண்ணை வைத்திருப்பதுதான் அந்தப் பழக்கம். எட்டுப் பேர் பத்து நொடிக்குள் ஓடி முடிக்கும் போட்டியில் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பிடிக்க எவராலும் முடியாது. நேரலையை மகிழ்ச்சிக்காகப் பாருங்கள். பிறகு பதிவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஓட்டத்தின் ஓர் இடத்தை மட்டும் பாருங்கள். தொடக்கம், முதல் 30 மீட்டர், 60 மீட்டரைச் சுற்றிய பகுதி, கடைசி 20 மீட்டர், எல்லைக்கோட்டில் எடுக்கப்படும் ஃபோட்டோ ஃபினிஷ் படம் என ஐந்து இடங்கள் போதும்.

பதிவைத் தொடங்குவதற்கு முன் அரையிறுதி முடிவுகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இறுதிக்கு வருபவர்களில் அரையிறுதியில் சிறப்பாக ஓடியவர்களுக்கு நடுப் பாதைகள் கிடைக்கும். பாரிஸில் தாம்சன் தம் அரையிறுதியை 9.80 நொடியில் வென்று நான்காம் பாதையைப் பெற்றார். லைல்ஸோ தம் அரையிறுதியில் 9.83 நொடியில் ஓடியும், 9.81 நொடியில் ஓடிய ஜமைக்காவின் ஓப்லிக் செவிலுக்குப் பின்னால் இரண்டாவதாகவே வந்தார்; இறுதியில் அவருக்குக் கிடைத்தது ஏழாம் பாதை. ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர், ஆகவே தங்கத்துக்குப் போட்டியிட்ட இருவருக்கும் இடையே குறுக்குவாட்டில் மூன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது. நம் கண் ஏமாறுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். பக்கவாட்டில் நகரும் கேமரா எல்லைக்கோட்டுக்கு நேரே வந்து நிற்கும் கணத்தைத் தவிர மற்ற நேரங்களில் எல்லாம் ஓட்டத்தைச் சாய்ந்த கோணத்தில்தான் காட்டுகிறது. சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது, தொலைவில் உள்ள பாதையில் ஓடுபவரும் அருகில் உள்ள பாதையில் ஓடுபவரும் உண்மையில் சமமாக இருந்தாலும் ஒருவர் முந்துவதுபோலத் தெரியும்.

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். முதல் முறை பார்க்கும்போது ஓடுபவர்களின் முகத்தைப் பார்க்காமல், அவர்கள் பாதங்களை ஊன்றித் தள்ளி எழும் ஸ்டார்ட்டிங் பிளாக்கையும் அதன் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியையும் பாருங்கள். தொடக்க ஓசையைக் கேட்க ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒலிபெருக்கி வைப்பது வெறும் வசதிக்காக அன்று. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எட்டுப் பாதைகளுக்கும் ஒரே ஓரத்தில் நின்று துப்பாக்கி சுட்டால், கடைசிப் பாதைக்காரருக்கு ஓசை ஏறத்தாழ 0.025 நொடி தாமதமாகவே போய்ச் சேரும். பாரிஸில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த இடைவெளி 0.005 நொடி என்பதை நினைத்துப் பார்த்தால், அதைப்போல் ஐந்து மடங்கு அநீதியை அந்தச் சிறிய பெட்டிகள் தடுத்து நிறுத்துகின்றன என்பது விளங்கும்.

பிளாக்கில் பொருத்தப்பட்ட உணரிகள், சுட்டதிலிருந்து கால் பிளாக்கைத் தள்ளத் தொடங்கும் வரையிலான நேரத்தை அளக்கின்றன. இதை எதிர்வினை நேரம் என்கிறோம். அது 0.100 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஓடுபவர் ஓசையைக் கேட்டு எழவில்லை, முன்கூட்டியே ஊகித்து எழுந்தார் என்று கொண்டு ஃபால்ஸ் ஸ்டார்ட் அறிவிக்கப்படும். 2010 முதல், முதல் தவறுக்கே வெளியேற்றம்தான். 2011-இல் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் இறுதியில் உசைன் போல்ட்டே இப்படி வெளியேறினார். அன்று யோஹான் பிளேக் 9.92 நொடியில் பட்டம் வென்றார். 2022-இல் அமெரிக்காவின் யூஜீனில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் அமெரிக்க வீரர் டெவன் ஆலனுக்குப் பதிவான எதிர்வினை நேரம் 0.099 நொடி. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்காக, சொந்த நாட்டு ரசிகர்களின் முன்னால் அவர் களத்தை விட்டு நடந்து போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் கடுமை மறக்காது. கேட்டு எழும் மனித உடலின் எல்லை சரியாக 0.100 நொடியில்தான் நிற்கிறது என்பதை நான் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் எங்காவது ஒரு கோடு வரைந்தாக வேண்டும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

பாரிஸ் இறுதியின் எதிர்வினை நேரங்களைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெண்கலம் வென்ற ஃப்ரெட் கெர்லி 0.108 நொடியில் எழுந்தார். தாம்சனுக்கு 0.176 நொடியும் லைல்ஸுக்கு 0.178 நொடியும் ஆயின. அதாவது, முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் எழுந்ததில் பிந்தியவர்கள். எனவே எதிர்வினை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து முடிவைக் கணிக்காதீர்கள்.

இரண்டாம் முறை பார்க்கும்போது முதல் 30 மீட்டரில் தலைகளை மட்டும் கவனியுங்கள். நன்றாக ஓடுபவர் உடனே நிமிர மாட்டார். முகம் தரையை நோக்க, உடல் முன்சாய்ந்து, ஒவ்வொரு அடியிலும் தரையைப் பின்னால் தள்ளியபடி, சிறிது சிறிதாக எழுவார். அண்டைப் பாதைக்காரர் முந்துவது ஓரக்கண்ணில் பட்டதும் பதறி நிமிர்பவர், அந்த அடிகளில் சேர்த்திருக்க வேண்டிய வேகத்தை இழந்துவிடுவார். பாரிஸில் 30 மீட்டரைக் கடக்கும்போது எட்டுப் பேரில் கடைசியாக இருந்தவர் லைல்ஸ். அந்த இடத்தில் பதிவை நிறுத்திப் பாருங்கள்: உலகத்தின் மிக வேகமான ஏழு பேர் முன்னால் போய்க்கொண்டிருக்க, அவருடைய அடிகளில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அவர் அடிப்படையில் 200 மீட்டர் ஓட்டக்காரர் என்பதும், இரண்டாம் பாதிதான் தமக்கு உரியது என்று அறிந்தவர் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் முறையில் 60 மீட்டரைச் சுற்றிய பகுதியைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான ஓட்டக்காரர்கள் உச்ச வேகத்தை எட்டுகிறார்கள். இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள, 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் போல்ட் 9.58 நொடியில் உலக சாதனை படைத்த ஓட்டத்தின் கணக்கே சிறந்த பாடம். அதை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்தால் 2.89, 1.75, 1.67, 1.61, 1.66 நொடிகள் வருகின்றன. 60-லிருந்து 80 மீட்டர் வரை 1.61 நொடி, மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். கடைசித் துண்டில் அது 1.66 நொடி ஆகிவிட்டது. மனித வரலாற்றின் மிக வேகமான 100 மீட்டரிலும் கடைசி 20 மீட்டரில் வேகம் குறைந்திருக்கிறது.

இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் நான்காம் பார்வை முற்றிலும் மாறிவிடும். கடைசி 20 மீட்டரில் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வருவதைப் பார்த்து, அவர் திடீரென்று வேகத்தைக் கூட்டிவிட்டார் என்று வருணனையாளர்கள் உணர்ச்சியோடு சொல்வதுண்டு. உண்மையில் அங்கே யாரும் வேகத்தைக் கூட்டுவதில்லை. எல்லோருடைய வேகமும் குறைகிறது. குறைவாக இழப்பவர் முந்துகிறார். ஆகவே கால்களை விட்டுவிட்டுக் கழுத்தையும் தோள்களையும் தாடையையும் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா, கழுத்து நரம்புகள் புடைக்கின்றனவா, தாடை இறுகுகிறதா என்று கவனித்தால், இறுக்கம் ஏறியவரின் அடி குறுகுவதையும் அடுத்த சில அடிகளிலேயே காணலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முயன்றால் வேகம் கூடும் என்று நாம் நினைக்கிறோம். இந்த வேகத்தில் கூடுதல் முயற்சி தசைகளை இறுக்கி வேகத்தைக் குறைக்கவே செய்யும். பாரிஸில் தாம்சன் பெரிய தவறு எதையும் செய்துவிடவில்லை. அவர் முன்னிலையில் ஓடினார், நன்றாகவே ஓடினார். லைல்ஸ் ஓட்டத்தின் எந்தப் பகுதியிலும் தெளிவாக முன்னால் இருந்ததில்லை; முன்னால் இருக்க வேண்டிய ஒரே இடமான கோட்டில் மட்டும் இருந்தார்.

ஐந்தாவதாக ஃபோட்டோ ஃபினிஷ் படம். இதை வழக்கமான புகைப்படம் என்று எண்ணிப் பார்ப்பதால்தான் அன்றிரவு இத்தனை வாக்குவாதம் எழுந்தது. அந்தக் கேமரா எல்லைக்கோட்டின் மெல்லிய கீற்றை மட்டுமே பார்க்கிறது. அதே கீற்றை மீண்டும் மீண்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குகிறது. பாரிஸில் பயன்பட்ட கருவி நொடிக்கு 40,000 படங்கள் வரை எடுக்கக்கூடியது. ஆகவே அந்தப் படத்தில் இடம் வலம் என்பது தொலைவைக் குறிக்காது, நேரத்தைக் குறிக்கும். கோட்டின் மேல் ஊன்றிய கால், அங்கிருந்து எழும் வரை ஒவ்வொரு கீற்றிலும் பதிவாகிக்கொண்டே இருப்பதால், படத்தில் நீண்ட கட்டைபோல இழுபட்டுத் தெரியும். கைகள் வளைந்தும் உடல்கள் ஒல்லியாகவும் தோன்றுவதும் இதனால்தான்.

படத்தைப் படிக்கும்போது கால்களையும் தலையையும் மறைத்துவிட்டுப் பாருங்கள். விதிப்படி கணக்கில் வருவது உடற்பகுதி மட்டுமே. தலை, கழுத்து, கைகள், கால்கள், பாதங்கள் எவையும் சேரா. தாம்சனின் பாதம் கோட்டை முதலில் கடந்ததைக் கண்ட பலர் அவருக்கு அநீதி நடந்ததாகக் கொதித்தார்கள். ஆனால் நடுவர்கள் செங்குத்துக் கோட்டை வைத்தது மார்புப் பகுதியின் முன்விளிம்பில். சரியான அடியில் மார்பை முன்தள்ளிச் சாய்ந்த லைல்ஸுக்கு 9.784 நொடி, தாம்சனுக்கு 9.789 நொடி. அந்த வேகத்தில் 0.005 நொடி என்பது ஏறக்குறைய ஐந்து, ஆறு சென்டிமீட்டர். நாலு விரலைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடக் குறைவு.

பலகையில் இருவருக்கும் 9.79 என்றே வந்தது. 100 மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்த நேரத்தை அடுத்த நூறில் ஒரு பங்குக்கு மேல்நோக்கித் திருத்தியே வெளியிடுகிறார்கள். இடத்தைப் பிரிக்க வேண்டியபோது மட்டும் மூன்றாவது இலக்கம் வெளியே வரும். அதனால் 9.784 நொடியும் 9.79 ஆகிறது.

நேரத்துக்குப் பக்கத்தில் காற்றின் வேகமும் இருக்கும். அதையும் விடாமல் பார்க்க வேண்டும். சுட்டதிலிருந்து 10 நொடிக்கு அளக்கப்படும் இந்த எண், பின்காற்றாக நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. வெற்றி மட்டும் செல்லும். பாரிஸில் அது 1.0, பெர்லினில் 0.9, இரண்டும் விதிக்குள் அடங்கியவை. எட்டாவதாக வந்த செவில் 9.91 நொடியில் ஓடினார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒலிம்பிக் இறுதி ஒன்றில் எட்டுப் பேரும் 10 நொடிக்குள் ஓடியது அதுவே முதல் முறை. 9.82 நொடியில் ஓடிய தென்னாப்பிரிக்காவின் அகானி சிம்பினே பதக்கமின்றித் திரும்பினார். அந்த நான்காம் இடத்துக்கு என் மனம் இன்றும் வருந்துகிறது.

முறை கைவந்ததா என்று சோதித்துப் பார்க்க, 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் ஆடவர் 100 மீட்டர் இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தைப் பார்க்கும் முதல் முறையிலேயே போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ ஃபால்ஸ் ஸ்டார்ட்டால் வெளியேறுவதைக் காண்பீர்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு தாம்சனையும் செவிலையும் 60 மீட்டரில் நிறுத்தி, யாருடைய தோள் ஏறுகிறது என்று நீங்களே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முடிவைப் பாருங்கள். பாரிஸில் கடைசியாக வந்த செவில் அங்கே 9.77 நொடியில் தங்கம் வென்றார்; தாம்சனுக்கு 9.82, லைல்ஸுக்கு 9.89.