லேப்ராஸ்கோப்பி வீடியோவில் திசுவின் அசைவைக் கணினியால் பின்தொடர்வது எப்படி?

சிறு துளை வழியே கேமராவைச் செலுத்தி (லேப்ராஸ்கோப்பி) செய்யும் பித்தப்பை அறுவைச் சிகிச்சையின் வீடியோவில் கல்லீரல் மேல் ஒரு புள்ளியைக் குறித்து, அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எங்கே நகர்கிறது என்று கணினியைக் கொண்டு அறிவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களோ, குன்னூரிலும் கோத்தகிரியிலும் பணிபுரியும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களோ, பைத்தான் நிரல்மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கட்டணமில்லாத மென்பொருள்களால் ஒரே கணினியில் செய்யக்கூடிய முறையையே இங்கே விளக்குகிறேன். வேலை முழுவதும் உள்ளூர்க் கணினியிலேயே நடப்பதால், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து இணையம் அறுந்தாலும் பாதகமில்லை. மின்சாரத்துக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் அவசியம்.

இது பதிவு செய்யப்பட்ட வீடியோவை ஆராய்வதற்கான முறை. சிகிச்சை நடக்கும்போதே மருத்துவருக்கு வழிகாட்டும் மென்பொருள், 2017 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வரும் தனி விஷயம்.

வேலை அறுவைச் சிகிச்சைத் தியேட்டரிலேயே தொடங்குகிறது. மலைக் குளிரில் அலமாரியில் இருந்த ஸ்கோப் (வயிற்றுக்குள் செலுத்தும் கேமராக் குழாய்), 37 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள வயிற்றுக்குள் நுழைந்தவுடன் அதன் லென்ஸில் ஆவி படிகிறது. அப்படி மங்கிய ஃப்ரேம்களை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ஆகவே ஸ்கோப்பின் முனையைக் கிருமி நீக்கிய வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து பயன்படுத்தும் வழக்கம், நோயாளிக்கு மட்டுமல்லாமல் உங்கள் ஆய்வுக்கும் உதவும்.

பதிவு கைக்கு வந்ததும் நோயாளியின் அடையாளத்தை நீக்குங்கள். திரையின் மூலையில் பதிந்திருக்கும் பெயர், மருத்துவமனை எண், தேதி ஆகியவற்றை மறைப்பதுடன் ஒலியையும் அழித்துவிட வேண்டும். தியேட்டரில் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசுவது இயல்பு. பலரும் மறப்பது வேறொன்று: லென்ஸைத் துடைக்க ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போது தியேட்டரில் உள்ளவர்களின் முகங்கள் பதிவாகின்றன. அந்தப் பகுதிகளை வெட்டி எறியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை இதற்கெல்லாம் முன்பே பெற்றிருக்க வேண்டும்.

பழைய ரெக்கார்டர்களில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டு வருவதால், அசையும் விளிம்புகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் யாடிஃப் வடிகட்டி இதைச் சரிசெய்யும். இடம் மிச்சமாகட்டும் என்று வீடியோவை மேலும் சுருக்க வேண்டாம்: விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 3.6 ஜிபி மட்டுமே.

அடுத்தது மாஸ்க், அதாவது படத்தில் கணினி பார்க்கக் கூடாத பகுதிகளை மறைப்பது. வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன என்பது என் கருத்து. ஈரமான கல்லீரல் மேல் விளக்கொளி பட்டுத் தெறிக்கும் வெண்புள்ளிகள், கணினிக்குப் பின்தொடர எளிதான மிகச் சிறந்த மூலைகளாகத் தோன்றும். ஆனால் அவை திசுவோடு ஒட்டி நகர்வதில்லை. கேமராவும் பரப்பின் சாய்வும் மாறும்போது திசுவின் மேல் வழுக்கிச் செல்கின்றன. நிறச்செறிவு குறைவாகவும் ஒளிர்வு மிக அதிகமாகவும் உள்ள பிக்சல்களைத் தேர்ந்து, அந்தப் பகுதியைச் சில பிக்சல்கள் விரித்து, முழுவதையும் ஒதுக்குங்கள். கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் இடுக்கி) முதலிய கருவிகளையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் திசுவின் அசைவு என்று நீங்கள் வரைவது கிராஸ்பரின் அசைவாக இருக்கும்.

பின்தொடர்வதற்குப் பச்சை நிற அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சுவதால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதில் தெளிவாகத் தெரியும். அதன்மேல், படங்களை ஆராயும் இலவச நிரல் தொகுப்பான ஓப்பன்சிவியில் உள்ள, மூலைகளைத் தேடும் ஷி-டொமாசி முறையால் 200 புள்ளிகள் வரை, ஒன்றுக்கொன்று குறைந்தது 10 பிக்சல் இடைவெளியில் தேர்ந்தெடுங்கள். பிறகு அந்தப் புள்ளிகள் அடுத்த ஃப்ரேமில் எங்கே என்று கணக்கிட, 1981 இல் வெளியான லூகாஸ்-கனாடே முறையைப் படிநிலைப் பிரமிடுடன் (படத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கிய அடுக்குகளுடன்) இயக்குங்கள். புள்ளியைச் சுற்றி 21க்கு 21 பிக்சல் சாளரமும் 3 பிரமிடு நிலைகளும் தொடங்குவதற்குப் போதும். அடுத்தடுத்த ஃப்ரேம்களில் வெளிச்சம் மாறாது, அசைவு சிறியது, அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் சேர்ந்தே நகரும் என்னும் மூன்று அனுமானங்களின் மேல் இந்த முறை நிற்கிறது. திசுவைச் சுட்டு வெட்டும் காட்டரிக் கருவியின் புகை முதல் அனுமானத்தையும், கேமராவின் திடீர்த் திருப்பம் இரண்டாவதையும், கத்தரிக்கோல் மூன்றாவதையும் உடைத்துவிடும்.

அனுமானம் உடைந்தாலும் மென்பொருள் ஏதோ ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும் என்பதுதான் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த ஃப்ரேமுக்கு முன்னோக்கிச் செலுத்தி, அங்கிருந்து மீண்டும் பின்னோக்கிச் செலுத்துங்கள். புறப்பட்ட இடத்திலிருந்து 1 பிக்சலுக்கு மேல் விலகினால் அதைத் தொலைந்த புள்ளியாகப் பதிவு செய்யுங்கள். இதனாலும் மெல்லிய நகர்வுப் பிழை பிடிபடாது. ஃப்ரேமுக்கு 0.05 பிக்சல் பிழை ஒரே திசையில் சேர்ந்தால், விநாடிக்கு 25 ஃப்ரேம் வீதம் ஒரு நிமிடத்தில், அதாவது 1500 ஃப்ரேம்களில், 75 பிக்சல் விலகியிருப்பீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க வென்டிலேட்டரே உதவும். மயக்க மருத்துவர் நிமிடத்துக்கு 15 மூச்சு வைத்திருந்தால் ஒரு மூச்சு 4 விநாடி, அதாவது 100 ஃப்ரேம். கேமரா அசையாமலும் யாரும் திசுவைத் தொடாமலும் இருக்கும் ஒரு பகுதியைத் தேர்ந்து, கல்லீரலின் புள்ளி 100 ஃப்ரேமுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்புகிறதா என்று வரைபடமாகப் பாருங்கள். அலை மேலும் கீழும் போவதுடன் மொத்தமாக ஒரு பக்கம் சரிந்துகொண்டே போனால், அந்தச் சரிவு பெரும்பாலும் மென்பொருளுடையது. மூச்சு எண்ணிக்கையைச் சிகிச்சைக் குறிப்பில் எழுதி வைக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவி மறைத்து விலகிய பிறகும் புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால், 2023 இல் வந்த கோடிராக்கர், டாபிர் போன்ற கற்றல்வழி மென்பொருள்கள் உள்ளன. புள்ளி மறைந்திருக்கிறதா என்பதையும் இவை கணிக்கின்றன. ஜிபியு (வரைகலைச் செயலி) உள்ள கணினி இருந்தால்தான் வசதி. ஆனால் இவை பெரிதும் செயற்கைக் காட்சிகளில் பயின்றவை என்பதால், வழுவழுப்பான திசுவில் இவை சொல்வதை அப்படியே ஏற்காமல் அதே மூச்சுச் சோதனைக்கு உட்படுத்துங்கள். அகச்சிவப்பு ஒளியில் மட்டும் தெரியும் மையால் திசுவில் புள்ளியிட்டுத் தொகுக்கப்பட்ட ஸ்டிர் தரவுத்தொகுப்பும் அதே ஆண்டு வெளியானது. மென்பொருளின் கண்ணுக்கு அந்த மை தெரியாது என்பதால் அது நேர்மையான ஒப்பீடு.

உங்கள் சொந்த வீடியோவுக்கு, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சில ஃப்ரேம்களில் ஒரே புள்ளிகளைக் குறிக்கட்டும். அவர்களுக்குள்ளேயே 6 பிக்சல் வேறுபாடு இருந்தால், மென்பொருளின் 5 பிக்சல் பிழையைக் குறை சொல்ல முடியாது. முடிவை எழுதும்போது சராசரிப் பிழையோடு, எத்தனை விழுக்காட்டுப் புள்ளிகள் தொலைந்தன, எந்த நிகழ்வின்போது தொலைந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளவைப் பிக்சலில் மட்டுமே கொடுங்கள். ஒற்றைக் கேமராப் படத்திலிருந்து மில்லிமீட்டர் சொல்ல, அருகில் அளவு தெரிந்த பொருள் ஏதாவது வேண்டும், அல்லது இரட்டை லென்ஸ் ஸ்கோப் வேண்டும்.