நாலு பக்க ரெஸ்யூமை ஒரு பக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கோவையில் சரவணம்பட்டியிலோ விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலோ ஒரு டெவலப்பர் இடம் காலியானால், எச்.ஆர். முன்னால் ரெஸ்யூம்கள் கட்டுக்கட்டாக வந்து சேரும். எல்லாவற்றையும் கடைசி வரி வரை படிக்க அவருக்கு நேரம் கிடையாது. முதல் பக்கத்தின் மேல்பாதியில் கண் ஓடும். தேடியது அங்கே தட்டுப்பட்டால்தான் கீழே இறங்குவார். ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் பல்லடத்திலும் இருந்து நல்ல கைத்திறனோடு விண்ணப்பிக்கிற பலருடைய உருப்படியான வேலை, மூன்றாம் பக்கத்தின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அதை மேலே கொண்டுவருவதுதான் இங்கே வேலை. பக்கம் குறைவது அதன் விளைவு.

முதலில் எதையும் வெட்டாதீர்கள். இப்போதிருக்கிற ரெஸ்யூமை அப்படியே ஒரு மூலக்கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். செய்த எல்லா வேலையும், எல்லாத் தேதியும், எல்லா டூலும் அதில் இருக்கட்டும். அது ஆறு பக்கம் போனாலும் பரவாயில்லை, வெளியே அனுப்பப் போவதில்லை. அனுப்புவது அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எடுக்கிற ஒரு பக்கம். கல்லூரி முடித்தவரிலிருந்து ஏழெட்டு வருட அனுபவம் உள்ளவர் வரை ஒரு பக்கம் போதும். பத்து வருடம் தாண்டியவர், டீமை நடத்தியவர் இரண்டு பக்கம் போகலாம்.

அடுத்து, நீங்கள் குறிவைக்கும் வேலைக்கான அறிவிப்புகள் நான்கைந்தை நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்களிலிருந்து எடுத்து அருகருகே வையுங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜாவா, ஸ்பிரிங் பூட், ரெஸ்ட் ஏ.பி.ஐ., எஸ்.க்யூ.எல்., கிட் என்பது போல எட்டுப் பத்துத் தேறும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூலக்கோப்பில் உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று பாருங்கள். சான்று உள்ளவை மேலே போகும். சான்று இல்லாத சொல்லை வெறுமனே சேர்க்காதீர்கள், இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதிலிருந்து வரும்.

வரிக்கணக்கு

ஏ4 தாளில் சுற்றிலும் 0.7 அங்குல மார்ஜின், 10.5 புள்ளி காலிப்ரி அல்லது ஏரியல் வைத்தால் ஏறக்குறைய 50 வரி கிடைக்கும். இதைப் பட்ஜெட் போலப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயரும் தொடர்பும் 3, சுருக்கம் 3, திறன்கள் 5, வேலை அனுபவம் 22, ப்ராஜெக்ட் 8, படிப்பு 4. மீதி தலைப்புகளுக்கும் இடைவெளிக்கும். ஃப்ரெஷராக இருந்தால் அனுபவத்தின் 22 வரியில் பெரும்பங்கு ப்ராஜெக்டுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் போகும். இடம் போதவில்லை என்று எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்குவதும், மார்ஜினை அரை அங்குலத்துக்கும் கீழே இறக்குவதும் கூடாது. பிரின்ட் எடுத்தால் படிக்க முடியாது, திரையில் பார்க்கிறவருக்கும் சுவர் போலத் தெரியும்.

யோசிக்காமல் வெட்டக்கூடியவை

அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை, பாஸ்போர்ட் எண், பொழுதுபோக்கு, தெருப்பெயரோடு கூடிய முழு முகவரி. இவற்றை எடுத்தாலே எட்டுப் பத்து வரி மிச்சம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் ரெஸ்யூமில் இருக்கவே கூடாது. அது எத்தனை மெயில்பெட்டிகளுக்குப் போகும் என்று உங்களால் கண்காணிக்க முடியாது. ஆஃபர் வந்தபின் கேட்டால் கொடுத்தால் போதும். “மேலே கூறியவை அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன்” என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையொப்பம் எல்லாம் அரசு விண்ணப்பத்துக்கு உரியவை. தனியார் ஐ.டி. வேலைக்கு வேண்டியதில்லை.

“சவாலான சூழலில் என் திறமையை நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுத்த விரும்புகிறேன்” என்று தொடங்கும் கேரியர் அப்ஜெக்டிவும் போகட்டும். அந்த இடத்தில் மூன்று வரிச் சுருக்கம் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், எந்தத் தொழில்நுட்பம், எந்தத் துறைக்கான மென்பொருள். நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் பழைய வேலையில் இருக்க வேண்டிய நாள்கள்) 30 நாளோ அதற்கும் குறைவோ என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அவசரமாக ஆள் தேடுகிறவருக்கு அது பெரிய செய்தி.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் விஷயத்தில் ஆளுக்கு ஆள் விதி மாறும். ஃப்ரெஷர் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பல 60 விழுக்காடு போன்ற தகுதிக்கோடு வைத்துத்தான் வடிகட்டுகின்றன. மூன்று வருட அனுபவம் வந்தபின் டிகிரி, கல்லூரி, முடித்த வருடம் மட்டும் போதும். அண்ணா பல்கலைக்கழகமோ பாரதியார் பல்கலைக்கழகமோ பெரியார் பல்கலைக்கழகமோ, கல்லூரிப் பெயரோடு அதே வரியில் எழுதிவிடுங்கள். மதிப்பெண் அட்டவணைக்கென்று கட்டம் போட வேண்டாம்.

ஊர்ப்பெயர் சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் நௌக்ரியில் ஆள் தேடுகிறவர்கள் நகரத்தை வைத்து வடிகட்டுவார்கள். கோவை என்றோ சி.பி.இ. என்றோ எழுதாமல் கோயம்புத்தூர் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டையே முழுதாக எழுதுங்கள். சூலூர்க்காரர், அன்னூர்க்காரர் ஊரோடு கோயம்புத்தூரையும் சேர்த்து எழுதலாம். ஈரோட்டிலோ சேலத்திலோ இருந்துகொண்டு கோவைக்கோ பெங்களூருக்கோ மாறத் தயார் என்றால், அதையும் அதே வரியில் போடுங்கள். தூரத்து ஊரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவது நடக்கிறது.

அனுபவத்தை எழுதும் முறை

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். “ரெஸ்பான்ஸிபிள் ஃபார்”, “இன்வால்வ்ட் இன்”, “ஒர்க்ட் ஆன்” என்று தொடங்கும் வரிகளையெல்லாம் தேடிப்பிடியுங்கள். அவை பதவிக்குரிய வேலையைச் சொல்கின்றன, நீங்கள் செய்ததைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வரியும் “பில்ட்”, “மைக்ரேட்டட்”, “ஆட்டோமேட்டட்”, “ஃபிக்ஸ்ட்” போன்ற ஒரு வினையில் தொடங்கட்டும். பிறகு எதை, எதைக் கொண்டு, அதனால் என்ன மாறியது என்ற வரிசையில் போகட்டும். இரண்டு வரிக்கு மேல் ஒரு பாயின்ட் வேண்டாம். இப்போதைய வேலைக்கு ஐந்தாறு பாயின்ட், அதற்கு முந்தையதற்கு மூன்று, அதற்கும் முன்னால் ஒன்று.

திருப்பூர் எக்ஸ்போர்ட் நிறுவனத்தின் ஈ.ஆர்.பி. என்கிற நிர்வாக மென்பொருளிலோ, கோவை பம்ப் கம்பெனியிலோ, ஸ்பின்னிங் மில்லின் சிஸ்டம் டிபார்ட்மென்டிலோ வேலை பார்த்துவிட்டு ஐ.டி. நிறுவனத்துக்கு மாற நினைப்பவர்கள் இங்கேதான் தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். “ஈ.ஆர்.பி. மெயின்டெனன்ஸ், ரிப்போர்ட் தயாரித்தல்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளே நடப்பது அவ்வளவு லேசான வேலையா? நிட்டிங் முடிந்த துணி டையிங்குக்குப் போகிறது, காம்பாக்டிங்குக்குப் போகிறது, பிரின்டிங்குக்குப் போகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் டெலிவரி சலான். போன எடையும் வந்த எடையும் ஒன்றாக இருக்காது. எங்கே எவ்வளவு குறைந்தது, அது வழக்கமான கழிவா அல்லது கணக்குப் பிழையா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுவது நல்ல டேட்டாபேஸ் வேலை.

பழைய வரி இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: “இன்வென்டரி மாட்யூலுக்குப் பொறுப்பு, டீமுடன் சேர்ந்து பல்வேறு பணிகள்.” இதை மாற்றினால்: “வெளி யூனிட்டுகளுக்குப் போகும் துணியின் எடையையும் திரும்பும் எடையையும் ஒப்பிடும் மாட்யூலை ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் கொண்டு கட்டியது, 14 யூனிட்டுகளின் கணக்கு நோட்டுப் புத்தகத்திலிருந்து இதற்கு மாறியது.” துணியை வெளி யூனிட்டுக்குக் கொடுத்து வேலை செய்து வாங்குவதை இங்கே ஜாப் ஒர்க் என்போம், பெங்களூரில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது புரியாமல் போகலாம். அதனால் வட்டாரத் தொழிற்சொல்லை அவருக்கு விளங்கும்படி மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே கவனம் வேண்டும்.

எண்கள் எங்கே கிடைக்கும்? கிட்டில் பதிவான கோட் வரலாறு, ஜிராவில் பதிவான வேலை டிக்கெட்டுகள், டேபிளில் உள்ள வரிசைகள், ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்கள், குவெரி ஓட எடுக்கும் நொடிகள். “செயல்திறனை 40 விழுக்காடு கூட்டினேன்” என்று எழுதினால் எதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்பார்கள். “18 நொடி எடுத்த மாதாந்திர ரிப்போர்ட், இன்டெக்ஸ் சேர்த்தபின் 3 நொடியில்” என்று எழுதினால் பேச்சு உங்களுக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கும். அளக்காததற்கு எண் போடாதீர்கள். சப்போர்ட்டில் இருப்பவர்கள் வாரத்துக்கு எத்தனை டிக்கெட், எந்த லெவல், திரும்பத் திரும்ப வந்த பிழை எதை வேரோடு தீர்த்தீர்கள் என்று எழுதலாம்.

திறன்கள் பட்டியலில் எம்.எஸ். ஆஃபீஸ், விண்டோஸ், கல்லூரி முதல் வருடத்தில் தொட்ட சி இவையெல்லாம் இடத்தைத்தான் அடைக்கும். மொழிகள், ஃபிரேம்ஒர்க், டேட்டாபேஸ், டூல்ஸ் என்று நாலு வரி. ஒவ்வொன்றிலும் நன்றாகத் தெரிந்தது முதலில். ஆங்குலரும் ஆங்குலர்ஜே.எஸ்.ஸும் வேறு, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வேறு. மாற்றி எழுதினால் அனுபவமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், 80 விழுக்காடு நீலப் பட்டை போன்ற அலங்காரம் எதையும் சொல்வதில்லை.

ப்ராஜெக்டும் கேப்பும்

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய கடைசி வருட ப்ராஜெக்டை ரெஸ்யூமில் போட வேண்டுமா என்று யோசிக்கிறவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். இந்த டேட்டாபேஸை ஏன் எடுத்தீர்கள்? எங்கே உடைந்தது? எந்தப் பகுதி உங்கள் கையால் ஆனது? பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று வாரத்தில் நீங்களே கட்டிய சின்னது ஒன்று போதும். மஞ்சள் மண்டியின் தினசரி விலையைப் பதிந்து வரைபடமாகக் காட்டும் ஒரு ஆப் கூட, முழுக்க உங்களுடையது என்றால், இரவல் ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தைவிட மேலானது. கிட்ஹப் இணைப்பு கொடுத்தால், லாகின் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறக்கிறதா என்று பாருங்கள். பிரைவேட் ரெபோவாகவே விட்டுவிட்டு இணைப்பைக் கொடுக்கிறவர்கள் நிறைய.

குழந்தைப்பேறு, குடும்பப் பொறுப்பு, டி.என்.பி.எஸ்.சி. தயாரிப்பு என்று இடைவெளி இருந்தால் மாதம், வருடத்தோடு ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். வருடத்தை மட்டும் போட்டு மூடினால் கேள்வி அதிகமாகும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் தருகிறோம் என்று கன்சல்டன்சிகள் அழைத்தால் போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில், விலகும்போது பழைய நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டரோடு பி.எஃப். பதிவையும் ஒப்பிடுகிறார்கள், பி.எஃப்.புக்கான யு.ஏ.என். கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்து எப்போது விலகினீர்கள் என்பது தெரிந்துவிடும். சேர்ந்து சில மாதம் கழித்துக்கூட வேலை போகும், அந்தக் கறை அடுத்த வேலைக்கும் தொடரும். உங்கள் தேதிகள் உண்மையாக இருந்தாலும் ரிலீவிங் லெட்டரை எடுத்துவைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஞாபகத்திலிருந்து எழுதிய மாதம் பிசகினால் வீண் சந்தேகம்.

கடைசி ஐந்தாறு வரி

எல்லாம் வெட்டியும் இரண்டாம் பக்கத்தில் ஐந்தாறு வரி தொங்கும். அப்போது வரியின் கடைசியில் ஒரே ஒரு சொல்லாக அடுத்த வரிக்கு இறங்கியவற்றைப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் இரண்டு சொல் குறைத்தால் ஒரு வரி முழுதாகத் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலும் இதிலேயே மூன்று நாலு வரி தேறிவிடும். பிறகும் போதாவிட்டால் மிகப் பழைய வேலையின் பாயின்டுகளில் கை வையுங்கள், இப்போதைய வேலையில் வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. பி.டி.எஃப்.பைத் திறந்து, முழுவதையும் செலெக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். விண்ணப்பங்களை வடிகட்டும் ஏ.டி.எஸ். மென்பொருளுக்குக் கிடைக்கும் எழுத்து ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட் என்றால் இடப்பக்கத் திறனும் வலப்பக்க அனுபவமும் கலந்து வரலாம். டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், ஹெடருக்குள் போட்ட போன் நம்பரை ஏ.டி.எஸ். தவறவிடலாம். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது படம், ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த பிரதியில் இதுதான் நடக்கும். ஒரே நெடுவரிசையில், சாதாரணத் தலைப்புகளோடு வேர்டில் தட்டி, அங்கிருந்தே பி.டி.எஃப். ஆக்குங்கள். அறிவிப்பில் வேர்டு கேட்டிருந்தால் வேர்டு. கடையில் டைப் செய்ய வேண்டி வந்தாலும் வேர்டு கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒரு வரி மாற்ற மறுபடி பணம் கட்ட வேண்டாம். வெள்ளை எழுத்தில் அறிவிப்புச் சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரமும் இந்த நோட்பேடில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கோப்புக்கு உங்கள் பெயர், பதவி, அனுபவ வருடம் என்று பெயரிடுங்கள். “நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2” என்று போனால் டவுன்லோட் ஃபோல்டரில் தேடி எடுக்க முடியாது. வீட்டுக்குப் பொதுவான போன் எண் வேண்டாம், அலுவலக நேரத்தில் நீங்களே எடுக்கக்கூடிய ஒரே எண். நௌக்ரி புரொஃபைலில் திறன், நோட்டீஸ் பீரியட், ஊர் ஆகியவை ரெஸ்யூமோடு ஒத்துப்போக வேண்டும். அங்கே சமீபத்தில் யார் வந்துபோனார்கள் என்று பார்த்து வடிகட்டும் வசதி எச்.ஆருக்கு உண்டு, ஆகவே தேடுகிற காலத்தில் அடிக்கடி உள்ளே போய் வாருங்கள். வாக்-இன் போகிறவர்கள் கடை கம்ப்யூட்டரில் வேர்டைத் திறக்காதீர்கள். ஃபான்ட் மாறி ஒரு பக்கம் ஒன்றேகால் ஆகிவிடும். பி.டி.எஃப்.பிலிருந்து மூன்று பிரதி எடுங்கள்.

அனுப்பிய ஒவ்வொரு பிரதியையும் நிறுவனத்தின் பெயரும் தேதியும் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது, எதிரில் இருப்பவர் கையில் எந்த ரெஸ்யூம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.