மனநல ஆலோசகர் உங்களுக்கு ஒத்துவருவாரா? முதல் சந்திப்பிலேயே கவனியுங்கள்

மனநல சிகிச்சை என்றதும் வேலூர்க்காரர்கள் கை காட்டுவது பாகாயம். சிஎம்சி-யின் மனநல மையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும், நமக்கு ஒத்துவரும் ஆளாக அமைவது முக்கியம்.

மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் பெரும்பாலும் உளவியலாளர். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

முதல் நாள் அவர் எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள். நீங்கள் பாதி சொல்லும்போதே "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" என்று அறிவுரை தொடங்கினால், அது சிகிச்சை இல்லை. என்ன முறை, எத்தனை வாரம், எவ்வளவு கட்டணம் என்று விசாரியுங்கள்.

குடியாத்தத்தில் சொன்னது காட்பாடி மாமா காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில முறை போயும் மனம் ஒட்டவில்லையா? அவரிடமே சொல்லுங்கள், வேறு ஒருவரைப் பரிந்துரைப்பார். ஆளை மாற்றலாம், மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள், அது அரசின் 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசி உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.