கியர்பாக்ஸை இறக்கும் முன் ஏடிஎஃபைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் காரை டி-யில் போட்டதும் ஓரிரு நொடி கழித்துத்தான் நகர்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் உறுமுகிறது, ஆனால் வண்டி வேகமெடுக்கவில்லை. கியர் மாறும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு உதறல். இதில் எதைச் சொன்னாலும் "கியர்பாக்ஸ் போச்சு" என்ற பதில் உடனே வரும். போயிருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் உள்ளே ஓடும் ஆயிலை, அதாவது ஏடிஎஃபை (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்), ஒருவர் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், அதைத்தான் பலர் செய்வதில்லை. என் காரில் காலையில் ரிவர்ஸ் விழ நேரமெடுத்தபோது முதலில் பார்த்தவர் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். கடைசியில் பார்த்தால் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் பைப்பின் இணைப்பில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசிந்து, ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலின் முக்கிய வேலை பல்சக்கரங்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் ஏடிஎஃப் அதோடு நிற்பதில்லை. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் கிளட்ச்களை இறுக்கிப் பிடிப்பது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினின் சக்தியைக் கடத்துவது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாமே அதுதான். அதனால் அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், காற்று அமுங்கும் பொருள் என்பதால் அழுத்தம் நிற்காது, கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் சூடு, அந்தச் சூட்டில் மிச்சமிருக்கும் ஆயிலும் கருகும். சின்னக் கசிவு பெரிய செலவாவது இந்த வழியில்தான்.

சரி, அளவை எப்படிப் பார்ப்பது? ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இருக்கும் வண்டியென்றால் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமதரையில் நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, காலையும் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு, லீவரை பி, ஆர், என், டி என ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி மறுபடி பி-க்கே கொண்டுவாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுத்து, ஹாட் என்ற குறிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் இதே முறை இல்லை. ஹோண்டாவின் பல மாடல்களில் இன்ஜினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும், சிலவற்றில் லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கையேட்டில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது வரும் பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கியர்பாக்ஸின் அடியில் அளவு பார்க்கத் திறக்கும் ஒரு மூடி, லெவல் பிளக், இருக்கும். வண்டியைச் சாய்வில்லாமல் லிஃப்டில் தூக்கி, இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள், இருக்கும்போது அதைத் திறந்து மெல்லிய தாரையாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்தால் தேவைக்கு மேல் ஆயில் வெளியே வந்துவிடும். இதை வீட்டில் முயலாதீர்கள்.

அளவைவிட அதிகம் பேசுவது நிறம்தான். டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, சீராக, அகலமாகப் பரவும். பழுப்பாக இருந்தாலும் நன்றாகப் பரவினால் வயதாகிவிட்டது, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓரம் மட்டும் லேசாகப் பரவி, நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு அசையாமல் நின்றால் அதில் கிளட்சிலிருந்து உரிந்த துகள் கலந்திருக்கிறது. அப்போது முகர்ந்தும் பாருங்கள், கருகிய டோஸ்ட் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லா ஆயிலும் சிவப்பாகப் பிறப்பதில்லை, சிவிடி (பெல்ட்டும் புல்லியும் கொண்டு இயங்கும் ஆட்டோமேட்டிக்) ஆயில்களில் பச்சையும் உண்டு. உங்கள் வண்டியின் புது ஆயில் என்ன நிறம் என்று தெரிந்துகொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல இளஞ்சிவப்பாக, பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பல கார்களில் ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும், அது உள்ளே அரித்து ஓட்டையானால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்துவிடும். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

ஏடிஎஃப் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ வெளியே போயிருக்கிறது, அதனால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். கியர்பாக்ஸின் நடுப்பகுதிக்கு நேராகச் சொட்டினால் அதன் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானின் காஸ்கெட், சக்கரத்துக்குப் பக்கத்தில் என்றால் ஆக்சில் சீல், ரேடியேட்டர் பக்கம் என்றால் கூலர் பைப், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் என்றால் பம்பின் சீல் என்று சந்தேகப்படலாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கிலும் இதே ஏடிஎஃப்தான், அதனால் முன்பக்கம் சிவப்பாகச் சொட்டினால் அந்த டப்பாவையும் திறந்து பாருங்கள்.

கசிகிறதே என்று கொஞ்சம் கூடுதலாக ஊற்றி வைப்பதும் தப்பு. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையிலும் இருப்பது காற்றுதான், மறுபடி வழுக்கல்தான்.

மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மட்டும், சாலையில் வரிவரியாகப் போட்ட சிறு மேடுகள் மேல் ஓடுவது போல நடுங்கினால் அது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டிப் பிடிக்கும் லாக்-அப் கிளட்ச். ஆயிலின் உராய்வுக் குணம் போய்விட்டால் இப்படி ஆகும், சரியான ஆயிலை மாற்றியதும் பல வண்டிகளில் நின்றுவிடும். ஸ்கேனர் மாட்டினால் வரும் பிழைக் குறியீடுகளில் பி0218 என்பது ஆயில் அதிகம் சூடானதையும், பி0868 என்பது அழுத்தம் குறைவதையும் சொல்லும்.

கருகிய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆயிலை மாற்றியதால் அது சாவதில்லை, கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பானைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லோ, பானில் பித்தளை நிறத் துகளோ இருந்தால் புது ஆயிலுக்குச் செலவழிக்காமல் ரிப்பேருக்குப் பணத்தை வையுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால் கையேட்டில் போட்டிருக்கும் அதே வகையைத்தான் ஊற்ற வேண்டும், சிவிடிக்குச் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் அதன் பெல்ட்டும் புல்லியும் பாழ். ஒரு தடவை வடித்தால் மொத்த ஆயிலும் வராது, பாதிக்குமேல் கன்வெர்ட்டரிலும் பைப்களிலும் தங்கிவிடும் என்பதால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடிக்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலைக் கொட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஒரு முறை வடித்தால் எவ்வளவு வர வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதைவிடக் குறைவாக வந்திருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது, அட்டையை மறுபடி விரிக்க வேண்டியதுதான்.