பழைய இசைத்தட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் முறை

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில், மேல்மாடி அறைகளில், இன்னும் இசைத்தட்டுகள் கிடக்கின்றன. ஏவி.எம். படநிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்பன் படம் எடுக்க வருமுன் இசைத்தட்டு வணிகத்தில் இருந்தவர். அவருடைய தந்தையார் காரைக்குடியில் நடத்திய கடையிலும் தட்டுகள் விற்றன. எங்கள் வீட்டுத் தட்டுகளில் பத்தை முதலில் வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்து மாற்றினேன். இரைச்சலை நீக்குகிறோம் என்று அவர்கள் தம்புராவின் கார்வையையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் நானே செய்தேன்.

முதலில் தட்டின் இனத்தை அறிய வேண்டும். கனமாகவும் கீழே விழுந்தால் ஓடு போல உடைவதாகவும் இருப்பது, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். லேசாக வளைந்து கொடுப்பது வினைல். பெரியது 33⅓ சுற்றிலும் சிறியது பெரும்பாலும் 45 சுற்றிலும் ஓடும். வீட்டில் குழல் வைத்த கிராமபோன் இருக்கிறதே என்று வினைல் தட்டை அதில் வைத்துவிடாதீர்கள். அதன் கனமும் எஃகு ஊசியும் ஒரே ஓட்டத்தில், ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தைக் கெடுத்துவிடும்.

பாதி வேலை, சுத்தம் செய்வதுதான். வளவு என்னும் நடுமுற்றம் வழியாக வரும் தூசி பல ஆண்டுகளாகப் பள்ளங்களில் படிந்திருக்கும். அதன் மேல் ஊசி ஓடினால் சத்தம் மட்டுமல்ல, தேய்மானமும் வரும். கிணற்று நீரில் உப்பு இருக்கும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு மட்டும் கலந்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல், மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

இரண்டு இனத்துக்கும் ஊசி வேறு. வினைலுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான முனை போதும். 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு முனை வேண்டும். சிறிய ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியிலுள்ள அழுக்கைத்தான் வாசிக்கும். தட்டைச் சுழற்றி வாசிக்கும் டர்ன்டேபிளிலிருந்து வரும் ஒலி மிக மெலிந்தது. அது, ஒலியைப் பெருக்கித் தரும் போனோ பிரீஆம்ப் என்னும் கருவி வழியாகக் கணினியின் ஒலி உள்ளீட்டுக்குப் போக வேண்டும். ‘உம்’ என்ற முழக்கம் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் கம்பியைப் பிரீஆம்பில் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் போதும். பதிவின் தரத்தை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்தால் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 35 மெகாபைட் ஆகும்; இடம் பெரிதல்ல. தட்டில் மிக உரத்த இடம் எது என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். நாதசுரத் தட்டு என்றால் தனி ஆவர்த்தனத்தில் தவிலின் வலந்தலை அடி. அந்த இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வைக்க வேண்டும், ஏனெனில் உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு மீட்க வழியே இல்லை. 78 தட்டையும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்து, பின்னர் இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்தால் ஊசி மேலும் கீழுமாக ஆடுவதால் வரும் இரைச்சலில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும்.

உங்கள் கருவியில் 78 வேகம் இல்லையென்றால் 45இல் ஓட்டிப் பதிவு செய்து, மென்பொருளில் 1.733 மடங்காக வேகப்படுத்தலாம். பழைய தட்டுகள் பல துல்லியமாக 78இல் பதிவானவையும் அல்ல. ஆகவே பாடகரின் சுருதியைத் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு வேகத்தைச் சரிபார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் ஆச்சிதான், “இன்னும் கொஞ்சம் இறக்கு, குரல் கீச்சுன்னு இருக்கு” என்று சொல்லித் திருத்தினார்.

முதல் பதிவில் கை வைக்காமல் ஃப்ளாக் (FLAC) கோப்பாகச் சேமியுங்கள். அது அளவைக் குறைக்கும், ஒலியைக் குறைக்காது. தட்டின் படபடச் சத்தத்தை நீக்குவதெல்லாம் நகலில்தான், அதுவும் குறைந்த அளவில். தட்டின் இரு பக்கக் காகிதத்தையும் படமெடுத்து, அதிலுள்ள பட்டியல் எண்ணையும், காகிதத்தை அடுத்துத் தட்டிலேயே பொறித்திருக்கும் எண்ணையும் கோப்பின் பெயரில் எழுதுங்கள். ரங்கூனிலோ மலாயாவிலோ வாங்கியது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால் அதையும் குறியுங்கள். அந்தச் செய்தி எந்தக் காகிதத்திலும் அச்சாகியிருக்காது.

கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரிலுள்ள பங்காளி வீட்டில் வையுங்கள். தட்டுகளைப் புதிய காகித உறையிலிட்டு, வெயில் இறங்கும் மாடியிலிருந்து கீழ்த்தள அறைக்கு மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.