ஊர்ப் பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தங்கள் ஊர் வரலாற்றைப் பதிவு செய்யவேண்டும் என்ற ஆசை இளைஞர்களிடம் நிறையவே இருக்கிறது. நல்ல விஷயம்தான். கையில் போன் இருக்கிறது, பக்கத்து வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. ஆனால் எடுத்துக்கொண்டு வந்ததைப் போட்டுக் கேட்டால் முக்கால்வாசி மேடைப் பேச்சு, மீதி காற்றுச் சத்தம்.

ஒருவரைத் தேடிப்போய் உட்காரவைத்துப் பேசச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் கண்ணால் பார்த்ததும் கையால் செய்ததும் வேறெங்கும் எழுதப்படவில்லை. பேட்டியில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறந்துவிடுவதால் வருபவை.

புத்தகத்தில் இருப்பதையே கேட்பது

"ஊட்டி எப்படி உருவாச்சுன்னு சொல்லுங்க ஐயா" என்று ஆரம்பித்தால் பெரியவர் ஜான் சல்லிவனில் தொடங்குவார். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் கோத்தகிரிக்கு வந்தது, 1822-ல் ஊட்டியில் ஸ்டோன்ஹவுஸ் கட்ட ஆரம்பித்தது, 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது. எல்லாம் சரியாகவே சொல்வார். நீங்கள் படித்ததைத்தானே அவரும் படித்திருக்கிறார். சல்லிவனை அவர் பார்த்ததில்லை. இதிலேயே அரை மணி நேரம் போய்விடும். அந்த வயதில் ஒரே மூச்சில் பேசத் தெம்பு இருப்பதே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான்.

அதே பெரியவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டிக்கு ஒருவர் நின்று பிரேக் பிடிப்பார், கொடி காட்டுவார். இந்த வேலை செய்த ஆட்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான். சாரல் அடிக்கும்போது எங்கே பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? பனி மூடிக் கொடி தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? யானை தண்டவாளத்தில் நின்றால் முதலில் யாருக்குத் தெரியும்? முதல் நாள் வேலைக்குப் போனபோது யார் பழக்கிவிட்டார்? இப்படிக் கேட்டால் பதில் எந்தப் புத்தகத்திலிருந்தும் வராது.

ஊட்டி இந்து நகரில் மூடிக்கிடக்கும் ஃபிலிம் ஃபாக்டரிக்கும் இதே கதைதான். 1967-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது, டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமுக்கு வேலை இல்லாமல் போனது. இது யாருக்கும் தெரியும். ஒளி பட்டால் கெட்டுப்போகும் பொருளை இருட்டிலேயே வைத்து வேலை செய்தவர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாமல் எப்படி நடந்தார், ஷிஃப்ட் முடிந்து வெயிலுக்கு வந்தால் கண் என்ன செய்யும் என்பதையெல்லாம் அவர்தான் சொல்லவேண்டும். "ஃபாக்டரி ஏன் மூடினாங்க?" என்பது மூன்றாவது சந்திப்பில் கேட்கவேண்டிய கேள்வி. முதலிலேயே கேட்டால் பேட்டி முழுக்கத் தொழிற்சங்கக் கூட்டமாகிவிடும்.

பெயர் பெற்றவர்களோடு நின்றுவிடுவது

பட்டியல் போடச் சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரிதான் போடுகிறார்கள்: ஊர்த் தலைவர், முன்னாள் கவுன்சிலர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கமிட்டிக்காரர். இவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் பலமுறை பேசிப் பழகியவர்கள், பேச்சு தயாராக இருக்கும். "ரோடு போட மனு கொடுத்தோம், போராடினோம், வந்தது" என்று முடித்துவிடுவார்கள். மனு எழுதியது யார், எத்தனை பேர் கையெழுத்து, யார் போட மறுத்தார்கள், ரோடு வருவதற்கு முன்னால் பிரசவ வலி கண்டவரை எப்படித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று உள்ளே இறங்கினால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

பட்டியலில் வராதவர்கள் இன்னொரு பக்கம்: பிரசவம் பார்த்த பாட்டி, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர், டீ ஃபாக்டரியில் இலை வாடிவிட்டதா என்று கையில் பிடித்தே சொல்லும் டீ மேக்கர், சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியவர். ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான், மேடையில் மட்டும் உட்காரமாட்டார்கள்.

வீட்டுக்குள்ளேயும் இந்தப் பாகுபாடு நடக்கும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார், பாட்டி டீ போட்டுக்கொண்டு இருப்பார். "அறுபத்தெட்டுலதான் இந்த வீடு கட்டுனோம்" என்பார் தாத்தா. "எது, பெரியவ பொறந்து மூணு மாசத்துல கட்டுனது, அவ பொறந்தது எழுபது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். தாத்தா சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். பேட்டி எடுப்பவரும் அவரோடு போய்விடுவதுதான் தவறு. வீடு, குழந்தை, கடன், நகை அடகு, ரேஷன், யார் எப்போது இறந்தார்கள் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் பாட்டியிடம்தான் இருக்கும். ஆனால் தாத்தா பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் "எனக்கு என்ன தெரியும் கண்ணு, அவரையே கேளு" என்பார். தாத்தா வெளியே போகும் நேரம் பார்த்து இன்னொரு நாள் போங்கள். கூட ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது. நேராக உட்காரவைத்துக் கேட்பதைவிட, அவர் கீரை ஆயும்போது கூடவே ஆய்ந்துகொண்டு கேட்டால் பேச்சு தானாக வரும்.

கண்ணீரைத் தேடிப்போவது

சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் பேட்டி எடுப்பவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது. 1964 அக்டோபரில் போடப்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பல குடும்பங்களுக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. டேன்டீ என்று எல்லோரும் சொல்லும் தோட்டங்கள் பிறந்த கதை அது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று எங்கு போனாலும் அந்தத் தலைமுறை ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர்களிடம் போய் எடுத்த எடுப்பில் "ரொம்ப கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க, ரொம்ப கஷ்டம்" என்பார்கள். அழக்கூடச் செய்வார்கள். கேமராவுக்கு அது நன்றாக இருக்கும். வரலாறாக அதில் ஒன்றும் மிஞ்சாது.

சாமான்களிலிருந்து தொடங்குங்கள். பல வீடுகளில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இன்னும் தகரப்பெட்டியில் இருக்கும். "அதைக் கொஞ்சம் பார்க்கலாமா தாத்தா?" என்று கேட்டு வாங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். இந்தப் பெயர் யாரு? தம்பிங்க, மண்டபம் கேம்ப்ல காய்ச்சல் வந்து போயிட்டான். இது? அக்கா, அவ வரலை, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைச்சிருச்சு. ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படிப் பிரிந்தது என்பது முழுதாக வந்துவிடும். அப்புறம் கண்டி பக்கம் எந்தத் தோட்டம், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) எத்தனை காம்பிரா (அறை), கோச்சி (ரயில்) எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், பெட்டிக்குள் என்னென்ன வைத்துக்கொண்டு வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள். இங்கே வந்து முதல் நாள் குளிருக்கு என்ன போர்த்தினார்கள். அழுகை வருகிற இடத்தில் அதுவாகவே வரும். வந்தால் சும்மா இருங்கள். அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், "பரவாயில்லை, விடுங்க" என்று சமாதானமும் சொல்லாதீர்கள்.

வருஷத்தை நேராகக் கேட்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு எண் வரும். பெரும்பாலும் தப்பான எண். நடந்ததோடு சேர்த்துக் கேட்டால் சரியாக வரும். நயா பைசா வந்துவிட்டதா என்றால் 1957. அண்ணா இருந்தாரா, இறந்துவிட்டாரா என்றால் 1969. எம்.ஜி.ஆர் மறைவு 1987 டிசம்பர். மலைக்காரர்களுக்கு மண்சரிவு இன்னும் நன்றாக நினைவிருக்கும்: 1978, 1979 நவம்பர் மழை, 1993-ல் மரப்பாலம், 2009 நவம்பர்.

சிலோன் போய்வந்தவர்களுக்கு ஒரு அருமையான கேள்வி இருக்கிறது: "கப்பல் ஏறினது தனுஷ்கோடியிலயா, ராமேஸ்வரத்துலயா?" 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகுதான் தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. ஒரே பதிலில் காலம் பிடிபட்டுவிடும்.

அவர் சொல்வது உங்களுக்குத் தெரிந்த தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருத்தப் போகாதீர்கள். "அப்ப நீங்க அங்க இருந்தீங்களா, இல்ல யாராவது சொல்லிக் கேட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை எல்லாப் பேட்டியிலும் அடிக்கடி கேட்கவேண்டியிருக்கும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பலர் உற்சாகமாக "நான் பார்க்கலை, எங்கப்பா சொன்னது" என்று பிரித்துச் சொல்வார்கள்.

கேட்கக் கூடாததை முதலில் கேட்பது

குறும்பர் வீட்டுக்குப் போய் "செய்வினை வைப்பாங்களாமே" என்று ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். சூனியம் வைத்ததாகப் பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்ற சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளிலேயே உண்டு. விளையாட்டாகக் கேட்கும் கேள்வி இல்லை அது. தேன் எடுக்கப் போகும்போது கொடியை யார் முறுக்குவது, பாறைக்கு மேலே நின்று யார் பிடித்துக்கொள்வது என்று கேளுங்கள். தோடர்களிடம் வெளியாட்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் திருமண முறையைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்குப் போனால், நூலை எண்ணி எண்ணிப் பூத்துக்குளி என்ற போர்வையில் பூவேலை போடும் அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கலாம். எந்தச் சமூகமானாலும் கோயில், சாவுச் சடங்கு பற்றிய பாட்டுகளில் வெளியே பாடக்கூடாதவை இருக்கலாம். பதிவுக் கருவியைப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

கூடலூர் பக்கம் வேறு சிக்கல். அங்கே ஜென்ம நிலம் (பரம்பரை நிலவுடைமையாளரிடம் இருந்த நிலம்) தொடர்பான 1969 சட்டம், அதில் உரிமை முடிவாகாமல் கிடக்கும் பிரிவு 17 நிலம், பட்டா என்று பல குடும்பங்கள் காலங்காலமாக அலைகின்றன. "இந்த இடத்துக்கு எப்ப வந்தீங்க, எத்தனை ஏக்கர்?" என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்டால், சர்வேக்கு வந்தவர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது ஜாக்கிரதையாக ஒரு வருஷத்தைச் சொல்வார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. யார் அனுப்பினார்கள், எதற்கு, யார் கேட்பார்கள் என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். நிலம் பற்றி அவர்களாக எடுத்தால் மட்டும் பேசுங்கள். அப்போதும் அதை வெளியிடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள்.

கருவி

சுருக்கமாகச் சொல்கிறேன். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் எடுக்காதீர்கள், ஒரு வார்த்தை கேட்காது. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மேஜை மேல் நேராக வைக்காமல் துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள், தொடக்கத்தில் ஒரு நிமிஷம் எடுத்துப் போட்டுக் கேளுங்கள். யார், எங்கே, என்ன தேதி என்பதை உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அவர் பேசும்போது "ம்ம், சரி சரி, ஆமாமா" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். தலையாட்டினால் போதும்.

ஒரு மணி நேரப் பதிவு மோனோ வேவ் ஃபைலாக இருந்தால் சுமார் 300 எம்.பி., 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் 60 எம்.பி.கூட வராது. இடம் இருந்தால் வேவ். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவது பெரிய ஆபத்து. அன்று இரவே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்.

எழுதும்போது அழகுபடுத்துவது

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அந்தச் சலிப்பில்தான் சுருக்கவும் மெருகேற்றவும் கை போகும். "கொழுந்து எடுக்கப் போனா கணக்குப்பிள்ளை ரெண்டு கிலோ கழிச்சுருவாரு" என்று பாட்டி சொன்னது, "தேயிலை பறிக்கும் பணியில் எடைக் குறைப்பு முறைகேடுகள் நிலவின" என்று மாறியிருக்கும். அதைப் படிப்பவருக்குப் பாட்டியும் தெரியமாட்டார், கணக்குப்பிள்ளையும் தெரியமாட்டார். அவர் சொன்னபடியே எழுதுங்கள். படுகர்களின் படுகு மொழியில் பேசினால் படுகிலேயே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, தமிழை அடுத்த பத்தியில் கொடுங்கள். உயிரோடு இருக்கும் யாரைப் பற்றியாவது திருட்டு, கள்ளத்தொடர்பு என்று வந்தால் அந்த இடத்தை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடவேண்டும். மூலப் பதிவில் கைவைக்க வேண்டாம்.

யாரிடம் இருக்கவேண்டும்

அனுமதியை வாய்வார்த்தையோடு விடாதீர்கள். ஒரு பக்கக் காகிதம் போதும்: பெயர் போடலாமா, குரலை யார் வேண்டுமானாலும் கேட்கலாமா, யூடியூபில் போடலாமா, போட்டோ எடுக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, பதிலைப் பதிவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாத்துக்கும் சரி தம்பி" என்று முதல் நாள் சொன்னவர் எழுதியதை வாசித்துக்காட்டும்போது "அந்த அண்ணன் தம்பி சண்டையை மட்டும் எடுத்துரு" என்பார். எடுத்துவிடவேண்டும்.

முதல் பிரதி அந்தக் குடும்பத்துக்கு. லிங்க் அனுப்பினால் போதாது. பென் டிரைவும் அச்சடித்த தாளும் கையில் கொடுங்கள். இன்னொரு பிரதி ஊரின் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்கட்டும். பழங்குடிச் சமூகங்களின் பதிவு என்றால் ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் வைத்துக்கொள்வார்களா என்று விசாரிக்கலாம். எங்கே கொடுத்தாலும் அந்த அனுமதித் தாளின் நகலையும் பதிவோடு சேர்த்தே கொடுங்கள்.