ஊருக்கு ஒரு தகவல் மையம்: கணினி வாங்குவதற்கு முன்பும் பின்பும்

சிற்றூரில் தகவல் மையம் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கணினியின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் நிறுவத் தொடங்கிய அறிவு மையங்கள், ஊராரின் தேவையைக் கேட்டறிவதில் இருந்தே தொடங்கின.

ஆகவே முதல் மாதத்தை வீடு வீடாகச் செல்வதற்கு ஒதுக்குங்கள். "உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?" என்று கேட்டால் எவரும் விழிப்பார்கள். மாறாக, கடந்த மாதம் எதை விசாரிப்பதற்காக வெளியூர் சென்றார்கள், அதனால் எத்தனை நாள் கூலி போயிற்று என்று கேளுங்கள். முதியோர் ஓய்வூதிய மனு எந்த நிலையில் உள்ளது, கால்நடை மருத்துவர் எந்த நாளில் வருவார், சந்தையில் கத்தரிக்காய் என்ன விலைக்குப் போகிறது என்பன போன்ற பதில்களே உங்கள் மையத்தின் பாடத்திட்டம்.

அடுத்தது இடம். தனியார் வீட்டுத் திண்ணை வேண்டாம்; ஊராட்சிக்குச் சொந்தமான பொதுக் கட்டடமே உகந்தது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக, ஊரின் ஒரு பகுதியினர் கால்வைக்கத் தயங்கும் தெருவில் மையத்தைத் திறந்தால், அது திறந்த நாளிலேயே பாதி ஊருக்கு மூடப்பட்டுவிடும். இடமும் மின்கட்டணமும் ஊராட்சியின் பொறுப்பு, மையம் அனைவருக்கும் பொது என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே கருவிகளை இறக்குங்கள்.

நடத்துவதற்கு அதே ஊரில் நிலையாக வாழும் பெண்கள் இருவரையாவது பயிற்றுவியுங்கள். கணினி படித்த இளைஞர் நகரத்தில் வேலை கிடைத்ததும் போய்விடுவார். அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது. புதுச்சேரி மையங்களிலும் பெண்களே பெரும்பங்கு வகித்தனர்.

இனி, பலரும் மறந்துவிடும் ஒலிபெருக்கி. புதுச்சேரியின் கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் இருந்த அறிவு மையத்தினர், மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வலையைச் செப்பனிட்டுக்கொண்டே அதைக் கேட்டார். 2004 ஆழிப்பேரலையின்போது, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை, புதுச்சேரியின் மற்றொரு மீனவ ஊரான நல்லவாடு மக்கள் ஊர் முழுவதற்கும் சொல்ல உதவியதும் ஒலிபெருக்கிதான். இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமே கடல்நிலை முன்கணிப்பை வெளியிடுகிறது, கைபேசியிலும் பார்க்கலாம். ஆயினும் வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தகவல் மிகவும் தேவைப்படுபவர்கள் அவர்களே. எனவே ஒலிபெருக்கியையும் வாசலில் ஒரு கரும்பலகையையும் கைவிடாதீர்கள்; பலகையில் தேதியையும் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். நேற்றைய விலையை இன்றைய விலையாக ஒருமுறை அறிவித்துவிட்டால், அடுத்த பத்து அறிவிப்புகளை எவரும் நம்பமாட்டார்கள்.

மின்தடை ஏற்படும்போதும் இயங்குவதற்குச் சூரிய மின்தகடும் மின்கலமும் அமைத்துக்கொள்ளுங்கள். யார், எதற்காக வந்தார், பதில் கிடைத்ததா என்று ஒரு பேரேட்டில் அன்றாடம் பதியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கிராம சபையிலோ மகளிர் குழுக் கூட்டத்திலோ பெயர்களைத் தவிர்த்து வாசித்துக் காட்டி, எவரும் கேட்காத சேவையை நிறுத்திவிட்டு, பதில் கிடைக்காமல் திரும்பியவர்களின் கேள்விகளை அடுத்த மூன்று மாத வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.